எங்கள் வீட்டுப் பிள்ளை வெளிக்குப் போன வரலாறு

“எட்டாவது படிச்சிக்கீறியாமே, ஒரு பச்சப் புள்ளயத் தூக்கிப் பொறட்டிப் போடத் தெரியுமாடி ஒனக்கு?”

முனியம்மா அண்ணி என்னைப் பார்த்து இப்படிக் கேட்டது ஒரு திங்கட்கிழமை பிற்பகல். என் அக்கா பச்சையம்மாவுக்கு அன்று விடியற்காலையில்தான் முண்டியம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. முனியம்மா அண்ணி அக்காவின் நாத்தனார்; எனக்கு முறைக்குத்தான் அண்ணி. விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வந்து, எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறியவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. அதுவரை நான் தூக்கியதெல்லாம் புத்தகம், தண்ணீர்க்குடம், கணக்கில் முதலாவதாக வந்ததற்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு பித்தளைக் கூஜா.

குடல்வழி அடைபட்ட நிலையில் பிறக்கும் குழந்தைகள் உண்டு என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். பிள்ளை பிழைத்துவிட்டான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சிரிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் சிரிக்கப் பயப்படுவீர்கள்.

குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி முன்பக்கத்தைப் பார்த்து, “ஆம்பளப் புள்ள!” என்று தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினாள். அத்தோடு பரிசோதனை முடிந்தது. முன்பக்கத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பின்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பெண்ணாகப் பிறந்திருந்தால் ஏமாற்றத்தில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது சண்டை. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக யார் இனிப்புத் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் அண்ணன் ஏழுமலை ரயில்பாதையில் கேங்மேன். அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவன் அவன்தான். யுத்தத்தினால் சர்க்கரை கண்ணில் படாத இந்தக் காலத்திலும், இந்த ஒரு காரியத்துக்காக ஒரு சிட்டிகை சர்க்கரையைக் காகிதத்தில் மடித்து இரண்டு மாதமாகத் தலைப்பாகையில் சொருகி வைத்திருந்தான். முனியம்மா அண்ணியோ பனங்கற்கண்டோடு வந்திருந்தாள்.

“அத்தக்காரி நான் குந்திக்கினு கீறேன். நீ எப்டி தொட்டு வெப்ப?”

“தாய்மாமன் வூட்ல பொறந்த புள்ளைங்க. மொத இனிப்பு எங்குதுங்க.”

“ஒன் கொணம் வந்தா இது காலம் பூரா தண்டவாளத்துல சுத்தியால தட்டிக்கினு திரியும்.”

“உங்க கொணம் வந்தா வூட்ல ஒருத்தரும் தூங்க முடியாதுங்க.”

குழந்தையின் அப்பா கோவிந்தன் மாமா விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பட்டாள ரயில்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்து தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். சீம்பால் ஆகாது என்று அக்காவும் மூன்று நாள் பால் கொடுக்கப் போவதில்லை. ஆகவே ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு, குழந்தையின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு, இரண்டு தரப்பும் உட்கார்ந்திருந்தார்கள்.

படித்த பெண்ணான எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம் குழந்தைத் துணி துவைப்பது. செவ்வாய்க்கிழமை காலை கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன். மூன்று துணி. மூன்றிலும் வெறும் மூத்திரம். பிறந்த குழந்தை முதலில் கறுப்பாகப் பிசின்போல வெளிக்குப் போகும். அதை எங்கள் பக்கம் காட்டுப்பீ என்பார்கள். பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு வரி உண்டு: ஒரு நாளைக்குள் அது வெளியேற வேண்டும். அந்த வரியைப் பரீட்சையில் கேட்டார்கள். நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

ஈரக்கையோடு உள்ளே ஓடினேன். குழந்தையைத் தூக்கினேன். புரட்டினேன். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வழவழவென்று தோல், நடுவில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். பரீட்சையில் இதைக் கேட்கவில்லை.

“அம்மா, பின்னாடி வழியே இல்ல!”

“ஐயோ, இன்னாடி ஒளர்ற?” என்று வந்த முனியம்மா அண்ணி பார்த்தாள். அண்ணன் பார்த்தான். அம்மா பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பாயில் படுத்திருந்த அக்கா, “எனக்கும் காட்டுங்க, எனக்கும் காட்டுங்க” என்று அழுதாள். முந்திய நாள் முதல் வீட்டில் நடந்த சண்டை அந்த நிமிஷத்தில் நின்றது.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, அக்காவைக் கட்டைவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து, அண்ணன், அண்ணி, நான் மூவரும் போனோம். அங்கே டாக்டர் யுத்தத்துக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் மட்டும் இருந்தார். படித்த குடும்பம் என்று தெரியட்டுமே என்று நான் முன்னால் போய், “சார், பேபி நோ மோஷன், டூ டேஸ்” என்றேன்.

“தமிழ்லயே சொல்லும்மா, நானும் வளவனூருதான்” என்றார் அவர்.

அவர் குழந்தையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கத்தி வைக்கிற வேலை, திண்டிவனத்தில் லேடி டாக்டர் இருக்கிறார், அடுத்த ரயிலுக்கே போங்கள், வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள் என்றார். அன்று காலையும் லீவு கிடைக்காத கோவிந்தன் மாமா ரயிலடியில் கொடியும் கையுமாக ஓடி வந்து மகனை ஒரு தடவை பார்த்தார். அதுதான் முதல் தடவை. கூட வர முடியவில்லை. எங்களை ஏற்றிவிட்டு, அந்த ரயிலுக்கு வழிவிடவே ஓடினார்.

பெட்டி நிறையச் சிப்பாய்கள். அண்ணன் ஒருவரிடம் கையால் ஜாடை காட்டி விஷயத்தை விளக்கினான். என்ன புரிந்ததோ, ஒரு முழுப் பலகையே காலியாயிற்று. அக்காவைப் படுக்க வைத்தோம். ரயில் முண்டியம்பாக்கத்தைத் தாண்டித்தான் திண்டிவனம் போக வேண்டும். எங்கள் வீட்டுக் கூரை ஜன்னலில் தெரிந்தபோது முனியம்மா அண்ணி என்னைப் பார்த்தாள்.

“பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டோம் பாரு. புக்கு படிச்ச பொண்ணு காட்டன வழி.”

திண்டிவனம் லேடி டாக்டர் கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மாள். குழந்தையை மேஜையில் கிடத்தி வயிற்றை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார். சாயங்கால வெளிச்சம் போதாமல் நர்ஸ் டார்ச் பிடித்தாள்.

“மூத்திரம் போனானா? அதுல கறுப்பு, பச்சை ஏதாவது கலந்து வந்ததா?”

இதற்காகவே பிறந்தவள்போல நான் சொன்னேன்: “நேற்றும் இன்றும் சேர்த்து மூன்று துணி, டாக்டர். மூன்றும் தண்ணீர் நிறம்.”

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, “முப்பத்தாறு மணி நேரம் ஆயிருக்கு, வயிறு இவ்வளவுதான் உப்பியிருக்கு. வழக்கமா விளக்கெண்ணெய், கழுதைப்பால், பேர் தெரியாத கஷாயம் எல்லாத்தையும் ஊத்திட்டுத்தான் தூக்கிட்டு வருவாங்க. கீழே போக வழியில்லாம அது வாந்தியா வரும், மூச்சுக்குழாய்ல போயிடும். இவனுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்னு யார் சொன்னது?” என்றார்.

“நான்தாங்க” என்றான் அண்ணன்.

“நான்தாம்மா” என்றாள் அண்ணி.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். டாக்டர் இருவரையும் பாராட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அந்த நாளில் நான் செய்த கடினமான வேலை. இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தையைப் பட்டினி போட வேண்டாம். நல்ல குழந்தைக்குச் சீம்பால்தான் முதல் மருந்து என்று அதே டாக்டர் பிறகு அக்காவைக் கோபித்துக்கொண்டார். வழி அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது.

நோய் இதுதான். வாய் முதல் மலவாய் வரை உணவு போகும் குழாய் தாய் வயிற்றுக்குள்ளேயே உருவாகிறது. சில குழந்தைகளுக்கு அது எங்காவது ஓரிடத்தில் திறக்காமல் நின்றுவிடும். சிலருக்கு மூத்திரப் பாதையில் போய்த் திறந்துவிடும்; டாக்டர் முதலில் மூத்திரத்தைக் கேட்டது அதற்காகத்தான். மேலே குடலிலேயே அடைப்பு இருந்தால் பச்சையாக வாந்தி எடுக்கும். அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும், பட்டணம் போக வேண்டும், போனாலும் பிழைப்பது அருமை. அடைப்பு கடைசி வாசலில், மெல்லிய தோலாக மட்டும் இருந்தால் வெட்டித் திறந்துவிடலாம். இவனுக்கு எது என்று தெரிந்தாக வேண்டும்.

“பட்டணமா இருந்தா தலைகீழாத் தூக்கிப் பிடிச்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. உள்ளே காத்து எதுவரைக்கும் வருதுன்னு தெரியும்” என்றார் டாக்டர்.

“தலகீழாவா?” என்று அண்ணி நெஞ்சில் கை வைத்தாள்.

“இங்கே அழ வெச்சுப் பார்த்தாப் போதும்.”

உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். குழந்தை வீறிட்டான். அவன் முக்கி அழும்போது அந்தப் பள்ளம் சின்னக் குமிழாகப் புடைத்தது. தோலுக்குப் பின்னால் கரும்பச்சையாக ஏதோ தெரிந்தது. டாக்டர் முகத்தில் முதல் சிரிப்பு வந்தது. “வாசல்கிட்டயே வந்து நிக்கறான்” என்றார்.

அண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. “லைனு பூரா கிளியருங்க. கடைசி கேட்டுதான் சாத்திக்கினு கீது” என்று எங்களுக்கு விளக்கம் சொன்னான்.

பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத உடம்புக்கு மயக்க மருந்து ஆபத்து. அதற்குப் பதிலாக, சர்க்கரைத் தண்ணீரில் நாலு சொட்டுப் பிராந்தி விட்டுப் பஞ்சில் நனைத்துச் சப்பக் கொடுப்பார்களாம். நர்ஸ் பஞ்சை நனைத்துவிட்டு எங்கள் கைகளைப் பார்த்தாள். வந்தவுடன் சோப்புக் கேட்டு முழங்கைவரை கழுவியவள் நான் ஒருத்திதான். அதுவும் சுகாதாரப் பாடம். “நீ பிடி” என்று பஞ்சை என்னிடம் கொடுத்தாள்.

நான் குழந்தையின் நாக்கில் வைத்தேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டுச் சப்பினான்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் அண்ணியும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அண்ணனின் கை தலைப்பாகைக்குப் போய்ப் பாதியில் நின்றிருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. முதல் இனிப்பு!

“போச்சி. இவ கொணந்தான் வரப்போவுது” என்றாள் அண்ணி.

“பிராந்தி வேற கலந்துக்கீறாங்க” என்றான் அண்ணன்.

“சண்டையை வெளியே வெச்சுக்கோங்க. தைரியமா இருக்கறவங்க ஒருத்தர் காலைப் பிடிங்க” என்றார் டாக்டர். முனியம்மா அண்ணி சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து இரண்டு பிஞ்சுக் காலையும் மேலே தூக்கிப் பிடித்தாள். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, வெட்டுவதை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

கத்தி சின்னது. தோலில் சிலுவைபோல இரண்டு கீறல். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அடுத்த கணம், இரண்டு நாளாகக் காத்திருந்தது அனைத்தும் பீறிட்டு டாக்டரின் வெள்ளை அங்கியில் மார்புவரை அடித்தது. கூடவே ஒரு கீற்று ரத்தம். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது நர்ஸ் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அண்ணி அதே இடத்தில், பிடித்த காலை விடாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் கன்னத்திலும் மூக்கிலும் கரும்பச்சை.

“எழுந்துட்டாளா?” என்று திரும்பிப் பாராமலே கேட்டாள். “சக்கரத் தண்ணி தொட்டு வெச்ச கையி. இனிமே நம்ம புள்ள ரத்தத்தக் கண்டா தொப்புனு வுழும்.”

குழந்தையைக் கழுவித் துடைத்து அக்காவின் மார்பில் போட்டார்கள். அவன் குடித்தான். எங்களுக்குச் சந்தோஷம் அரை மணி நேரம்தான் நீடித்தது. உள்ளே போனது வெளியே வர வேண்டுமே! அடுத்த கட்டிலில் கண்டாச்சிபுரத்துக்காரி ஒருத்தி பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். அவள் தன் வலிக்கு நடுவிலும், “போச்சா?” என்று கேட்பாள். கூட்டுகிற அம்மாள் கேட்பாள். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் நோயாளியைப் பார்க்கும் முன் எங்களிடம் வந்து கேட்டார்கள். மறுநாள் காலை அவன் முகம் சிவந்து, முக்கி, மஞ்சளாக ஒரு கரண்டி அளவு போனபோது வார்டே எழுந்து உட்கார்ந்தது. அண்ணன் அந்தத் துணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடந்தான். “சிக்னலு வுழுந்திடிச்சி!” என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட முகம் சுளிக்கவில்லை.

ஐந்தாம் நாள் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். வெட்டிய இடம் ஆறும்போது சுருங்கும். மூன்று மாதம், ஒரு நாள்கூட விடாமல், வழவழப்பான உலோகக் குச்சி ஒன்றைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஆறவைத்து, வாஸ்லின் தடவி, உள்ளே மெதுவாகச் செலுத்தி எடுக்க வேண்டும். விட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும். இரண்டாம் தடவை வெட்டுவது இவ்வளவு சுலபமாக இருக்காது.

“காது குத்தன துளையில குச்சி போட்டு வெக்காட்டி தூந்துபோவுமே, அந்த மாதிரிங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். “அதேதான். நான் இத்தனை வருஷமா இதை இவ்வளவு சுருக்கமாச் சொன்னதில்லை.”

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

வீட்டில் இதைச் செய்ய ஒருவர் பழகினால்தான் அனுப்புவேன் என்றார். அக்கா கையில் குச்சியை வாங்கியதுமே அழுதாள். நான் பழகிக்கொள்கிறேன் என்றேன். முதல் நாள் குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் குழந்தை அழுததும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செய்ய வைத்தாள். நான்காம் நாள் தனியாகச் செய்தேன். தள்ளக் கூடாது, காத்திருக்க வேண்டும். குழந்தை அழுகைக்கு நடுவில் மூச்சு வாங்கும்போது தசை தானே இளகும். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

பத்தாம் நாள் முண்டியம்பாக்கம் வந்தோம். வந்ததும் புதுப் பிரச்சினை. அந்தக் குச்சியைச் சமையல் பாத்திரம் எதிலும் கொதிக்க வைக்கக் கூடாது என்று அம்மா அடுப்பின் முன்னால் மறித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அண்ணன், தண்டவாளத்தோரம் தான் டீ போட்டுக் குடிக்கும் தகர டப்பாவைக் கொண்டு வந்து வைத்தான். அந்த டப்பா இல்லாமல் அவன் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை. “டீ உடம்புக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு நாளைக்கென்று வந்த முனியம்மா அண்ணி ஊருக்குத் திரும்பவில்லை. தினமும் குழந்தையின் காலைப் பிடிப்பது அவள், குச்சி பிடிப்பது நான். அவள் வாய் மட்டும் ஓயாது. “மெதுவாடி, அது இன்னா இங்க்கி புட்டியா?” என்பாள்.

மூன்றாம் வாரம் திண்டிவனத்தில் காட்டப் போனபோது, அண்ணி பக்கத்தில் நிற்க, டாக்டர் என்னிடம் ஒரு செய்தி சொன்னார். அங்கே மருத்துவச்சிப் பயிற்சிக்கு எட்டாவது தேறிய பெண்களை எடுக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் தொடங்குகிறது, ஒன்றரை வருஷம், தங்குமிடம் உண்டு. எனக்கு உள்ளே குதித்தது. அடுத்த நிமிஷமே அடங்கிவிட்டது. குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் குச்சி வைக்க வேண்டும். நான் போனால் யார்? அது அடைத்துக்கொண்டால் அந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் குழந்தைத் துணியைக் கல்லில் கிழியக் கிழிய அடித்துத் துவைத்தேன். மூன்றாம் நாள் குச்சியைக் கொதிக்க வைத்து எடுத்து வந்தபோது முனியம்மா அண்ணி என் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நவுரு. இன்னிக்கி நீ காலப் புடி.”

“அண்ணி, இது விளையாட்டில்ல.”

“நான் இன்னா வெளையாட்டுக்கா குந்திக்கினு கீறேன்? மூணு வாரமா பாத்துக்கினு கீறேன். சொல்லிக்குடு, பேஜாரு பண்ணாத.”

சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவைதான் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை அழவே இல்லை, கொட்டாவி விட்டான். என் பெருமைக்கு அது பெரிய அடிதான். ஆனாலும் பத்து நாள் அவளைப் பக்கத்தில் இருந்து சோதித்தேன். சோப்புப் போட்டாளா, தண்ணீர் கொதித்ததா, ஆறியதா, வாஸ்லின் தடவினாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். “ஆச்சிங்க டீச்சரம்மா” என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல இழுத்துச் சொல்வாள்.

ஐந்தாம் வாரம், அதாவது இன்று காலை, அக்காவும் அண்ணியும் நானும் மறுபடி திண்டிவனம் வந்தோம். டாக்டர் தன் சுண்டுவிரலால் பரிசோதித்தார். வடு மிருதுவாக இருக்கிறது, சுருங்கவில்லை என்றார். அண்ணியைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்தக் கை போதும்” என்றார். குழந்தை இனி விழுப்புரத்தில் அவன் அப்பா வீட்டில் இருப்பான். அண்ணியின் வீடு அதே சந்தில், இரண்டு கதவு தள்ளி.

“அப்ப இவ இங்கயே நிக்கலாங்களா?” என்று கேட்டது நான் அல்ல, அண்ணி. பயிற்சியில் இன்னும் இடம் இருக்கிறது என்று டாக்டர் எங்களை ஆபீஸுக்கு அனுப்பினார்.

ஆபீஸ் அறையில் குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டினார். என் பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் நானே எழுதினேன். கீழே பெரியவர் ஒருவருடைய சம்மதம் வேண்டுமாம். அம்மா முண்டியம்பாக்கத்தில், அண்ணன் லைனில். அண்ணி முன்னால் வந்து மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினாள்.

“நீ இந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்?” என்றார் குமாஸ்தா.

“இவ அக்காவ எந்தம்பிக்குக் கட்டிக்கினு வந்தோம். இது எனக்குக் குச்சி புடிக்கக் கத்துக்குடுத்த பொண்ணு.”

குமாஸ்தா அதற்கு ‘உறவினர்’ என்று ஒரே சொல்லாக எழுதினார்.

பிற்பகல் ரயிலில் அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு ஒரு கட்டிலும், பதினான்கு என்ற எண்ணும், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை இரண்டும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை உடுத்திக்கொண்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கொசுவம் இன்னும் நிற்க மாட்டேன் என்கிறது.